பாதி மஞ்சள் கோடு

ஜெபின் செத்த இருபத்திரண்டாம் நாள் காலை, அவன் காரின் டிக்கிக்குள் ரமாபாய் அக்கா தலையை விட்டுக்கொண்டிருந்தார். வெளியே தெரிந்தது புடவைக் கரையும் ரப்பர் செருப்பும்தான்.

"அக்கா, அப்பிடியே மூடி பார்சல் அனுப்பிடட்டா?" என்றேன்.

"உன் வாய மொதல்ல மூடு. டார்ச்ச குடு."

கொடுத்தேன். என் பெயர் ஜெயவேல். வியாசர்பாடி. வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே அக்கா நடத்தும் துப்பறியும் ஆபீசில் பைக் ஓட்டுவது, டீ வாங்குவது, வாய் பேசுவது ஆகிய மூன்று வேலைகளும் என்னுடையவை. அக்கா பதினெட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளை அளந்தவர். மனுஷன் பொய் சொல்வான், தகரம் சொல்லாது என்பது அவர் கட்சி.

கார் நின்றது எண்ணூர் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷனின் பின்பக்கம். பின் சக்கரம் இழுக்கும் பழைய செடான். முகம் முழுக்க உள்ளே போயிருந்தது. வேப்பமர நிழலில் பெண் சப்-இன்ஸ்பெக்டர் ஷம்ஷாத் கையில் ஃபைலோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"கேஸு முடிஞ்சுபோச்சு மேடம்," என்றார் அவர். "மெக்கானிக் வால்டர் ஒத்துக்கிட்டார். எங்ககிட்ட சொன்னது கோர்ட்டுல செல்லாதுதான். ஆனா நாளைக்கு மாஜிஸ்டிரேட் முன்னால அதையே சொல்றேன்னு அவரே எழுதிக் குடுத்திருக்கார். அதுக்கப்புறம் நீங்க இல்ல, உங்க இன்ஷூரன்ஸ் கம்பெனியே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் சொன்னது சரிதான். நாளை காலை பதினோரு மணிக்குள் வேறு ஒரு கை இதில் இருக்கிறது என்று நாங்கள் காட்டாவிட்டால், வால்டருக்குப் புழல் ஜெயில்தான் நிரந்தர விலாசம்.

நடந்தது இதுதான். மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் நேர் ரோட்டில், அனுமதி வாங்கி, நானூறு மீட்டர் கார் ஓட்டம் வைத்தார்கள். எவன் முதலில் கோட்டைத் தாண்டுகிறானோ அவன் ஜெயித்தான், அவ்வளவே. அந்த மாதிரி ஓட்டத்துக்கு பேட்டரியை முன்னாலிருந்து எடுத்து டிக்கியில் வைப்பார்கள். கனம் பின்னால் போனால் பின் சக்கரம் ரோட்டை நன்றாகப் பிடிக்கும். ஜெபினுக்கு அந்த வேலையைச் செய்து கொடுத்தவர் ராயபுரம் வால்டர். ஓட்டத்தின் கடைசியில் ஜெபின் பிரேக் அடித்தபோது, பதினைந்து கிலோ பேட்டரி பிய்த்துக்கொண்டு தடுப்புத் தகரத்தைக் கிழித்து முன்னால் வந்துவிட்டது. கேபிள் அறுந்து ஒரே பொறி, புகை. கண் தெரியாமல் சுவரில் போய் மோதினான். இருபத்து நாலு வயசு.

அக்கா டிக்கியிலிருந்து தலையை எடுத்தார். கையில் ஓட்டக்காரர்கள் சங்கம் அடித்துக் கொடுத்த விதித்தாள்.

"இத்த கேளு. 'டிக்கியில் வைக்கும் பேட்டரி இரும்புச் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். நாலு போல்ட்டுகள் வண்டியின் தரையைத் துளைத்து முறுக்கியிருக்க வேண்டும். பெல்ட்டு, நாடா, கயிறு எதுவும் கூடாது. டிரைவருக்கும் பேட்டரிக்கும் நடுவில் தகரத் தடுப்பு வேண்டும். பின்பக்கம் வெளியே சுவிட்ச் வேண்டும், அதைத் தள்ளினால் எஞ்சினே நிற்க வேண்டும்.' தடுப்பு கீது. சுவிட்ச் கீது, சிவப்பு பெயின்ட் அடிச்சி, எந்தப் பக்கம் தள்ளணும்னு அம்புக்குறி வேற போட்டுக்கீறார். கேபிள் தகரத்துல உரசாம ஓட்டைக்கு ரப்பர் வளையம் மாட்டிக்கீறார். இவ்ளோ பாத்து செஞ்ச மனுசன், போல்ட்ட மட்டும் கழட்டிட்டு பெல்ட்டு போட்டாராமா?"

"வெயிட்டு கொறைக்கத்தான் மேடம்," என்றார் ஷம்ஷாத். "சனிக்கிழமை மதியம் சோதனையில பாஸ் வாங்கிட்டு, அப்புறம் போல்ட்ட எடுத்துட்டேன்னு அவரே சொல்றார். இதோ சோதனை அன்னைக்கு எடுத்த போட்டோ. நாலு போல்ட்டும் இருக்கு பாருங்க. தெரிஞ்சே உயிருக்கு ஆபத்து வெச்சிருக்கார். செக்‌ஷன் பெருசு."

"பெல்ட்டு எங்க?"

கான்ஸ்டபிள் ஒரு கோணிப்பையைக் கொண்டுவந்தார். லாரியில் சரக்கு கட்டும் பெல்ட்டு, இறுக்குகிற இரும்புப் பிடியும் கொக்கிகளும் சேர்த்து. அக்கா அதை வாங்கி என் கையில் போட்டார். கை கீழே போனது.

"இன்னா வெயிட்டு இருக்கும் ஜெயா?"

"ரெண்டு கிலோ இருக்கும்க்கா. தக்காளின்னா ரெண்டு நாளைக்கு ஆவும்."

"பத்து எம்.எம். போல்ட்டு நாலு, நட்டோட சேத்து கால் கிலோ தேறாது. வெயிட்டு கொறைக்கறவன் கால் கிலோவ எடுத்துட்டு ரெண்டு கிலோவ வெப்பானா மேடம்?"

ஷம்ஷாத்தின் கொட்டாவி பாதியில் நின்றது. எனக்கு அன்றைக்கு வந்த முதல் சந்தோஷம் அது. கடைசிச் சந்தோஷமும் அதுதான் என்று அப்போது தெரியவில்லை.

அக்கா போட்டோவை டிக்கி அருகே பிடித்துப் பார்த்தார். போல்ட்டு முறுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து பக்கத்துச் சட்டம் வரைக்கும் ஒரே இழுப்பாக மஞ்சள் பெயின்ட்டில் கோடு போடுவது வால்டரின் வழக்கம். போல்ட்டு கொஞ்சம் சுற்றினாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். போட்டோவில் நாலு முழுக்கோடு. டிக்கியில் புகைக்கரியைத் துடைத்தால் நாலு பாதிக்கோடு. மீதிப் பாதியைத் தலையில் சுமந்துகொண்டு நாலு போல்ட்டுகள் எங்கேயோ இருந்தன.

"அந்த மீதிப் பாதி எங்க கீதோ, அங்கதான் நமக்கு ஆளு," என்றார் அக்கா.

"இன்னொண்ணு மேடம்," என்று ஷம்ஷாத் ஃபைலைப் புரட்டினார். "ஓட்டக்காரங்க வண்டிக்குள்ள போன் வெச்சிக்கக் கூடாது. ஜெபின் போன் அவன் பையில இருந்தது. அன்னைக்கு காலையில பத்து மணிலேர்ந்து பத்து இருபத்தேழு வரைக்கும் பதினொரு மிஸ்டு கால். எல்லாம் வால்டர் பொண்ணு ஆன்சிகிட்டேர்ந்து. ஓட்டம் பத்தரைக்கு."

"பதினொண்ணா!" என்றேன். "அக்கா, இது லவ்வு. எனக்குலாம் நான் வாங்குன லோனுக்குதான் அவ்ளோ கால் வரும்."

அக்கா சிரிக்கவில்லை.

* * *

ராயபுரத்துக்கு பைக்கில் போகும்போது, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நான் கத்திப் பேசினேன். யாரோ பெரிய ஆளுக்கு பயந்துதான் வால்டர் பழியை ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்பது என் கணக்கு. போன வாரம் புழலில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவர் சொன்னது அப்படி. "நீங்க தேடுறது கெடைக்காம இருந்தா ரொம்ப நல்லதும்மா. என் சம்சாரம் மேரிகிட்ட சொல்லி கேஸ வுட்ருங்க." சொல்லிவிட்டுக் கும்பிட்டார்.

"பயந்த மூஞ்சி அது இல்லடா," என்றார் அக்கா பின்னாலிருந்து. "பயந்தவன் சுத்திமுத்தி பாப்பான். அவரு என்னத்தான் பாத்தாரு."

வால்டரின் மனைவி அடைக்கலமேரிதான் எங்களை இந்தக் கேசில் இறக்கியவர். முன் அறையில் ஒரு பையைத் திறந்து வைத்து, இஸ்திரி போட்ட கோடு போட்ட சட்டை ஒன்றை அதற்குள் மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வுட்டாங்கன்னா போட்டுகினு வர," என்றார். "அந்த ஜெயில் வாடையோட வூட்டுக்குள்ள வரக்கூடாது. சொல்லுங்க மேடம், எவன்னு தெரிஞ்சிச்சா?"

"போல்ட்ட அவரு வெயிட்டுக்காக கழட்டலன்னு தெரிஞ்சிச்சு."

"நான்தான் சொன்னேனே!" அடைக்கலமேரியின் முகம் மலர்ந்தது. "ஆன்சி, கேட்டியாடி? டீ எடுத்தா."

சமையல் கட்டிலிருந்து ஆன்சி வந்தாள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கடைசி வருஷம். பட்டறையில் பாதி வேலை இவள் கைதான் என்று அம்மா ஏற்கெனவே பெருமையாகச் சொல்லியிருந்தார். டம்ளரை நீட்டியபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னாம்மா, ஜெபினுக்கு பதினொரு கால் போட்டுக்கீற? ஆல் த பெஸ்ட் ஒருவாட்டி சொன்னா பத்தாதா?"

அவள் டம்ளரை என் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அக்கா என் காலை மிதித்தார். நான் அதையும் காதல் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன்.

"அந்தப் பையன் தங்கமானவன்," என்றார் அடைக்கலமேரி. "எனக்கு மாதா மேலயே கோவம் மேடம். தேருக்கு பேட்டரி குடுத்த புள்ளைக்கே இப்டி ஆவுமா?"

அக்காவின் டம்ளர் உதட்டுக்குப் போகாமல் நின்றது. "எந்தத் தேரு? எந்த பேட்டரி?"

"எங்க மாதா தேருதான். வருசா வருசம் சீரியல் லைட்டுக்கு ஒரு பேட்டரி வாங்குவாங்க. புதுசா வாங்கறது இல்ல, ஓடுற வண்டிலேர்ந்து கழட்டி குடுக்கணும். எந்த வண்டி பேட்டரி தேர்ல ஏறுதோ, அந்த வண்டிக்கு அந்த வருசம் அடிபடாதுன்னு எங்க ஜனங்க நம்பிக்கை. காசிமேட்டு மீன்புடி போட்டுக்காரங்க அடிச்சிக்குவாங்க. இந்த வருசம் ஜெபின்தான் மூணு மாசமா கெஞ்சி வாங்கிட்டான். சனிக்கிழமை சாயங்காலம் தேரு. அது முடிஞ்சதும் பேட்டரிய வண்டில மாட்டியாச்சு. அதான் இவரு மாட்டிட்டாரே."

"நீங்க பாத்தீங்களா, அவரு மாட்டுனத?"

"நான் பூஜைல இருந்தேன். வேற யாரு மாட்டுவாங்க?"

அக்கா எழுந்தார். "அந்தத் தேரு இப்போ எங்க கீது?"

"கோயில் பின்னால ஷெட்ல. சாவி கமிட்டி ஃப்ரெடி அண்ணன்கிட்ட கெடைக்கும்."

"அவர்ட்ட இல்ல," என்றாள் ஆன்சி. அவள் பேசி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. சுடிதார் பாக்கெட்டில் கை விட்டு, பெரிய பித்தளைச் சாவி ஒன்றை வெளியே எடுத்தாள். "என்கிட்டதான் கீது. வாங்க."

* * *

ஷெட்டுக்குள் எலிப்புழுக்கையும் பழைய மாலையும் நாறின. தேர் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. ஒவ்வொரு டியூப்லைட்டிலும் நன்கொடை கொடுத்தவர் பெயர். வெளிச்சத்தைவிடப் பெயர்தான் அதிகம் தெரியும் போலிருந்தது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆன்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு மென்று விழுங்கினேன்.

பின்பக்கம், மரச் சட்டத்தின் மேல் இரும்புத் தட்டு ஒன்று இருந்தது. அதற்கு மேலே ஒரு அட்டை: 'இவ்வாண்டு பேட்டரி உபயம்: தம்பி ஜெபின்.'

அக்கா டார்ச்சை அடித்தார். தட்டை மரத்தோடு பிடித்திருந்தவை நாலு போல்ட்டுகள். நாலின் தலையிலும் பாதி மஞ்சள் கோடு.

நான் யாரையோ எதிர்பார்த்தேன். போட்டியாளன், பந்தயம் கட்டியவன், முகத்தில் வெட்டுத் தழும்போடு ஒருவன். ஷெட்டில் எங்கள் இரண்டு பேரோடு இருந்தது இந்தப் பெண் மட்டும்தான்.

"தேரோட பழைய போல்ட்டு நாலும் துருப்புடிச்சி மொட்டையா இருந்திச்சு," என்றாள் ஆன்சி. "ஜெபின் வண்டி போல்ட்டு அளவு சரியா இருந்திச்சா, அத்தயே எடுத்து தட்டுக்கு போட்டேன். தேரு முடிஞ்சதும் கழட்டிக்கலாம்னு. எறங்கி நின்னதும் ஒரே கூட்டம். பேட்டரிய மட்டும் தூக்கிகினு பட்டறைக்கு போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா ஃப்ரெடி அங்கிள் ஷெட்ட பூட்டிட்டு பெரம்பூர் தங்கச்சி வூட்டுக்கு போயிட்டாரு."

"வேற போல்ட்டு இல்லியா பட்டறைல?"

"அந்த நீளத்துல இல்ல. காலைல இத்தயே போட்டுக்கலாம்னு லாரி பெல்ட்ட சுத்தி கட்டி வெச்சேன். கொக்கிய தகர விளிம்புல மாட்னேன். அதுங்கூட சொம்மா, வண்டிய பட்டறைலேர்ந்து வெளிய தள்றதுக்கு மட்டுந்தான்." அவள் மூச்சு வாங்கினாள். "வூட்டுக்கு போனதும் டாடி கேட்டாரு. 'மாட்டிட்டியாம்மா?'ன்னு. மாட்டிட்டேன்னு சொல்லிட்டேன்."

அக்கா டார்ச்சை அணைத்தார்.

"சொல்லியிருந்தா அப்பவே எழுந்து போயிருப்பாரு. அன்னைக்கு பூரா தேரு தூக்கி தோள்பட்டை வீங்கிப்போயி இருந்தாரு ஆன்ட்டி. காலைல நானே போய் முடிச்சிடலாம், தெரியவே தெரியாதுன்னு நெனச்சேன். ஆன்சி மாட்டுனா நான் திரும்பிப் பாக்கவே மாட்டேன்னு எல்லார்ட்டயும் சொல்லுவாரு. அதேமாதிரி பாக்கல."

ஞாயிறு காலை ஃப்ரெடி பூசை முடிந்து சாவியைக் கொடுத்தபோது மணி பத்து. அவள் கோயிலில் அவருக்காகக் காத்திருந்தபோதே, எட்டு மணிக்கே ஜெபின் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தான், வால்டரும் கூடப் போயிருந்தார். வால்டரின் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. பூட்டைத் திறந்த கையோடு, இதே ஷெட்டில் நின்று, பதினொரு தடவை ஜெபினைக் கூப்பிட்டிருக்கிறாள். விதிப்படி அவன் போனைப் பையில் வைத்துவிட்டு வண்டியில் ஏறியிருக்கிறான். அந்த ஒரு விதியை மட்டும் எல்லாரும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார்கள்.

அரைமணி நேரம் முன்னால் அந்தப் பதினொரு அழைப்பைப் பற்றி நான் அடித்த ஜோக் நினைவுக்கு வந்தது. என் பல்லை நானே தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஆஸ்பத்திரி வராண்டாவுல டாடிகிட்ட சொல்லிட்டேன்," என்றாள் ஆன்சி. "ஒரு அறை வுடுவாருன்னு பாத்தேன். வுடல. 'இத்த நீ வேற யார்ட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்ட. உங்க மம்மிக்கும் தெரியக்கூடாது'ன்னாரு. நேரா போயி ஸ்டேஷன்ல உக்காந்துட்டாரு. அன்னைலேர்ந்து இந்த சாவி என்கிட்டதான் கீது. யாரும் கேக்கல. நீங்க கேட்டீங்க." சாவியை அக்காவின் கையில் வைத்தாள். "நாளைக்கு அவரு வாயத் தொறக்கறதுக்கு முன்னால நான் தொறப்பேன். அவர வுட்ருவாங்க இல்ல ஆன்ட்டி?"

பதினெட்டு வருஷம் தகரம் அளந்த அக்கா, அந்தக் கேள்விக்கு மட்டும் ஷெட்டுக் கூரையைப் பார்த்தார்.

"வுட மாட்டாங்கம்மா," என்றார் கடைசியில். "ஓட்டத்துக்கு முன்னால கடைசியா தொறந்து பாத்து கையெழுத்து போட வேண்டியது மெக்கானிக். பாக்காமயே போட்டுக்கீறாரு. அந்தக் கையெழுத்து அப்டியே நிக்கும். தெரிஞ்சே செஞ்சாருன்றது வேணா போவும், கேஸு போவாது. தெரிஞ்சே பெல்ட்டு கட்னதுன்னு உன் மேல எழுதுவாங்க. மாட்டிட்டேன்னு சொன்னியே, அந்த ஒரு வார்த்தைக்காவே எழுதுவாங்க. ரெண்டு பேரும் உள்ள போலாம்."

"நான் சொல்லாம இருந்தா?"

"அவரு மட்டும் போவாரு. ரொம்ப வருசம்."

துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் சங்கு ஊதியது. ஆன்சி, மாதா சொரூபம் வைக்கும் காலிப் பீடத்தைப் பார்த்துவிட்டு, "வூட்டுக்கு போலாம்," என்றாள்.

"போல்ட்ட கழட்டணுமாக்கா?" என்று கேட்டேன். கழட்டிக் கடலில் போட்டுவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று அந்த நேரம் நினைத்தேன். இப்போதும் அதற்காக வெட்கப்படவில்லை.

"வேணாம்," என்றார் அக்கா. "அது அவ முடிவு. நம்ப கையி அதுல படக்கூடாது."

* * *

அடைக்கலமேரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "கெடச்சானா மேடம் அவன்?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் ஆன்சி முந்திக்கொண்டாள். "கெடச்சாச்சு மம்மி. நான்தான்."

உள்ளே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். போல்ட்டு, பெல்ட்டு, சாவி, ஆஸ்பத்திரி வராண்டா. அக்கா ஷெட்டில் சொன்னதையும் விடாமல் சொன்னாள். பக்கத்து வீட்டு டி.வி.யில் எவனோ சிரித்துக்கொண்டே இருந்தான். போய் அதை உடைத்துவிட்டு வரலாமா என்றிருந்தது.

அடைக்கலமேரி மகளையே பார்த்தார்.

"இருவத்திரண்டு நாளா என் பக்கத்துலதானடி படுத்திருந்த," என்றார். "நெதம் ராத்திரி நான் எவன் எவனையோ சபிச்சிகினு இருந்தேனே. அவன் குடும்பம் வெளங்காது, அவன் கையி அழுகிடும்னு. எல்லாத்தையும் கேட்டுகினா படுத்திருந்த?"

"ஆமா மம்மி."

அந்த அம்மா அப்போதுதான் அழுதார். மகளின் இரண்டு கையையும் இழுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, சபித்தது எல்லாம் இல்லை, இல்லை என்று அழித்தார். நான் தரையைப் பார்த்தேன். எங்களைக் கூப்பிடாமலே இருந்திருந்தால் இந்த அம்மாவுக்கு ஒரு ஆளாவது மிஞ்சியிருக்கும். நாங்கள் கெட்டிக்காரர்கள், அதனால் வந்த வினை.

அக்கா பையிலிருந்து முன்பணத்தை எடுத்து மேசையில் வைத்தார். யாரும் அதைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அடைக்கலமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பீரோவைத் திறந்து ஆன்சியின் பச்சைச் சுடிதார் ஒன்றை எடுத்தார். சுருக்கத்தைக் கையாலேயே நீவி மடித்து, பைக்குள் கோடு போட்ட சட்டையின் மேல் வைத்தார்.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"நாளைக்கு கோர்ட்லேர்ந்து ரெண்டு பேர்ல யாரு வூட்டுக்கு வருவாங்கன்னு தெரியலியே தம்பி," என்றார். "ரெண்டும் இருக்கட்டும். யாராவது ஒருத்தர் வருவாங்க இல்ல?"

பை நிரம்பிவிட்டதால் ஜிப் பாதியில் சிக்கியது. ஆன்சி குனிந்து, துணியை உள்ளே தள்ளி, பல் பல்லாகச் சரிசெய்து, இழுத்து மூடினாள். மூடிய பிறகு இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். அந்த அம்மா எங்கள் முகத்தைப் பார்த்தபடியே நின்றார். ஒருத்தராவது வருவார் என்று வாக்குக் கொடுக்க முடியாமல், அக்கா செருப்பைத் தேடினார், நான் பைக் சாவியைத் தேடினேன்.